பால் காய்ச்சிய ஊழியம்

திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் களக்காட்டுப் பக்கம் இருக்கிறது டோனாவூர். 1820களில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் இந்தக் கிறிஸ்தவக் குடியிருப்பை உண்டாக்கியபோது பணம் கொடுத்து உதவியவர் பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா. அவர் பெயரே ஊர்ப்பெயராகி நின்றுவிட்டது. முக்கால் நூற்றாண்டு கழித்து அங்கே வந்து தங்கிய ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணியால் அந்தப் பெயர் கடல் கடந்தும் போனது.

மிஷனெரி என்றதும் பிரசங்கமும் வேதப் புத்தகமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. டோனாவூரில் அந்த அம்மையாரும் அவருடன் இருந்த பெண்களும் நாள் முழுக்கச் செய்தது வேறு. பால் காய்ச்சினார்கள், துணி துவைத்தார்கள், தலை சீவிவிட்டார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் விட்டுப்போனதில் ஆகப் பெரியது அந்த அன்றாட வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

ஏழு வயதுச் சிறுமி

ஏமி 1867இல் பிறந்தவர். ஜப்பானில் சிறிது காலம் ஊழியம் செய்துவிட்டு 1895இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் மிஷனெரி வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். சேலை உடுத்திக்கொண்டார். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிவந்தார். இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு வேறோர் ஊர் என்று கால் ஓயாத வாழ்க்கை.

1901 மார்ச்சில் பண்ணைவிளை என்ற ஊரில் அது மாறியது. பெருங்குளத்துக் கோயிலுக்கென்று விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா அங்கிருந்து தப்பி ஓடிவந்தாள். ஒரு கிறிஸ்தவப் பெண் அவளை ஏமியிடம் கூட்டிவந்தார். அதற்கு முன்பும் அவள் ஒருமுறை ஓடியிருக்கிறாள், தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம். தாய் பயந்துபோய் அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டார். தண்டனையாகக் கையில் சூடு வைத்தார்கள். இந்த முறை அவள் வந்து ஏறிய மடியை விட்டு இறங்கவில்லை.

வறுமையாலும் நேர்த்திக்கடனாலும் பெண் குழந்தைகள் இப்படித் தேவதாசிகளாகக் கோயிலுக்கு விடப்படுவது அப்போது பலருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதன் உள் விவரத்தைச் சொல்ல ஆள் இல்லை. பிரீனா சொன்னாள். அதைக் கேட்ட பிறகு ஏமியால் பழைய வண்டிப் பயணத்துக்குத் திரும்ப முடியவில்லை. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று தமிழர்கள் சொல்லக் கேட்டிருந்தார். தன் காலையும் கட்டிக்கொள்ள அவர் சம்மதித்தார். பிரசங்கம் செய்ய வந்தவர் ஆயா வேலை பார்ப்பதா என்று சக மிஷனெரிகள் சிலரே முகம் சுளித்தார்கள். குழந்தையின் ஆத்துமாவை மட்டும் தனியே எடுத்து நேசிக்க முடியாது, உடம்போடு சேர்த்துத்தான் நேசிக்க வேண்டும் என்பது அவருடைய பதில்.

ஒரு டம்ளர் பாலுக்குள் இருந்த உழைப்பு

ஏமி டோனாவூரில் தங்கிவிட்ட பிறகு, 1904இல் முதல் கைக்குழந்தை அங்கே வந்தது. ஓடியாடும் சிறுமியை வளர்ப்பது ஒரு விதம், பிறந்து சில நாளே ஆன சிசுவைப் பிழைக்கவைப்பது முற்றிலும் வேறு விதம். வந்த குழந்தைகளில் பல, துணியில் சுற்றி இரவோடு இரவாக நெடுந்தூரம் கொண்டுவரப்பட்டவை. வரும்போதே வாடிப்போயிருந்தன. தாய்ப்பால் கொடுக்க ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஊர்க்கட்டும் சாதியும் குறுக்கே நின்றன.

மிஞ்சியது மாட்டுப்பால்தான். மின்சாரம் இல்லாத கிராமத்தில், சித்திரை வெயிலில், சிசுவுக்கான பாலைக் கெடாமல் வைத்திருப்பதை இன்றைய தாய்மார்கள் ஒரு நிமிடம் எண்ணிப்பார்க்க வேண்டும். கறந்த பாலை உடனே வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். வயதுக்குத் தக்கபடி கொதித்தாறிய நீர் கலக்க வேண்டும். பாத்திரம் ஒவ்வொன்றையும் வெந்நீரில் போட்டெடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதே வேலை மறுபடி, நடுச்சாமத்திலும். விறகு ஈரமானால் புகை, புகையோடு கண்ணீர். ஒரு பாத்திரம் சரியாகக் கழுவப்படாமல் போனால் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அது பக்கத்துத் தொட்டிலுக்கும் தாவும். முதல் ஆண்டுகளிலேயே சில குழந்தைகளை அவர்கள் மண்ணுக்குக் கொடுத்தார்கள்.

டோனாவூரில் அப்போது டாக்டர் இல்லை. எனவே நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியின் பக்கத்தில் சிசுக்களுக்கென்று ஒரு வீடு ஏற்படுத்தினார்கள். அதைத் தாங்கி நடத்தியவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பால் ஒத்துக்கொள்ளும், எந்த அழுகை பசி, எந்த அழுகை நோவு என்பதெல்லாம் அவர் இராப்பகலாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. வயிற்றுப்போக்கு பரவி அங்கேயும் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவர் மனம் விட்டுவிடவில்லை. பிழைத்த பிள்ளைகளோடு டோனாவூருக்குத் திரும்பி, அங்கும் குழந்தைகள் பகுதியின் பொறுப்பைச் சுமந்தார். 1915இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

சித்தி, அக்கா, அண்ணாச்சி

1913இல் டோனாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே கூடத்தில் அடைத்து, மணியடித்து எழுப்பி, வரிசையில் நிறுத்துவதுதான் எளிய வழி. அவர்கள் அதைச் செய்யவில்லை. சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அக்காவை வைத்தார்கள். ஏமி எல்லாருக்கும் அம்மா. பெண் ஊழியர்கள் சிலர் சித்தி. ஆண் ஊழியர்கள், நெல்லைச் சீமை வழக்கப்படி, அண்ணாச்சி. ஒரு பிள்ளை விழுந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் மாதத்துக்கு ஒருவராக மாறவில்லை.

காலையில் ஜெபமும் பாட்டும். பிறகு பெருக்குவது, பாத்திரம் துலக்குவது, செடிக்கு நீர் விடுவது என்று பெரிய பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. வேலை சலிக்காமல் இருக்க ஏமி அதற்கென்றே பாட்டுகள் கட்டித் தந்தார். படிப்பில் பூவும் பூச்சியும் பறவையும் நிறைய இடம் பிடித்தன. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் பலர். ஆகவே வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே அவர்களுக்குரிய விசேஷ நாளாகக் கொண்டாடினார்கள். கைவிடப்பட்ட நாளையே வரவேற்கப்பட்ட நாளாக எண்ணி வளரும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய கணக்கே வேறாகிவிடும்.

ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது. யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அங்கே உறுதியான விதி. 1916இல் ஏழு இந்தியப் பெண்கள், திருமணத்தை விட்டுப் பிள்ளைகளுக்காகவே வாழ்வதென்று ஒரு சகோதரிகள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்தார்கள். பின்னர் பரம சுகசாலை என்ற ஆஸ்பத்திரியும் எழுந்தது. 1931இல் ஏமி களக்காட்டில் தவறி விழுந்து கால் முறிந்து, இறுதிவரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். இந்தியாவுக்கு வந்த பின் ஒருமுறைகூடத் தாய்நாடு போகாமல் 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே மறைந்தார். அவர் அறைக்குள் இருந்த அந்த இருபது ஆண்டும் வீடு நின்றுபோகவில்லை. அடுப்பு எரிந்தது, தொட்டில் ஆடியது. அதற்குக் காரணம் அக்காமாரும் சித்திமாரும். வரலாறு ஒரு பெயரை வைத்துக்கொண்டது. வேலையைச் சுமந்தவை நூற்றுக்கணக்கான கைகள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள்.

எதிர்ப்பும் மாற்றமும்

எல்லாரும் இவர்களை வாழ்த்தவில்லை. பிள்ளை கடத்துகிறார்கள் என்ற பழி வந்தது, வழக்கு வந்தது. அடைக்கலம் தேடிவந்த பிள்ளையைக் கிறிஸ்தவளாகவே வளர்ப்பது நியாயமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு அன்று வேறு வாசல் எது இருந்தது என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். வாசல்கள் பிறகு திறந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்த வழக்கத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடினார், அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது.

இன்று குழந்தைகள் இல்லம் நடத்துவது தனிமனித விருப்பம் அல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வோர் இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பிள்ளையை எங்கே வைப்பது என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும், குடும்பமே முதல் இடம் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. இது நல்ல மாற்றம். கண்காணிப்பு இல்லாத இல்லங்களில் பிள்ளைகள் பட்ட துன்பங்களை நாம் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம்.

சட்டம் கட்டடத்தை அளக்கும், பதிவேட்டைப் பார்க்கும். நடுச்சாமத்தில் எழுந்துவரும் ஆளைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அது நம் பொறுப்பு. பிறந்த நாளுக்கு ஓர் இல்லத்துக்குப் போய்ப் பிரியாணி கொடுத்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கொடுப்பவரின் மனசு நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏங்குவது பிரியாணிக்கு அல்ல, மாறாத ஒரு முகத்துக்கு. அதே பணத்தை அங்கே வேலை செய்யும் அக்காவின் மாதச் சம்பளத்துக்கு ஆண்டு முழுக்கக் கொடுங்கள். முடிந்தவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பிள்ளையை வீட்டுக்கே அழைத்துக்கொள்ளுங்கள். எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? நீண்ட பதில் கிடைத்தால் அது நல்ல இல்லமாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவரை அங்கேயே தங்கவைக்க என்ன வேண்டும் என்று அடுத்ததாகக் கேட்டு, அதைச் செய்யுங்கள்.