வீட்டு முகப்பில் எடுப்பு நிறம்

வீட்டு முகப்பில் எடுப்பு நிறம் என்பது, வெளிச்சுவரையும் தோட்டத்தையும் பெரும்பாலும் அமைதியான நிறத்தில் விட்டுவிட்டு, கதவு, கேட், திண்ணை, ஒற்றைச் சுவர், ஒரு பூங்கொடி போன்ற சிறு பகுதிக்கு மட்டும் அழுத்தமான நிறம் தரும் முறையாகும். பெயிண்ட் கடைகளில் இதனை 'ஆக்சென்ட் கலர்' என்பர். பெயர் புதிது, வழக்கம் பழையது. மதுரைச் சமவெளியின் சுண்ணாம்பு வெள்ளையும் காவிப்பட்டையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மதுரை வட்டாரத்தில்

திருமங்கலம் மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், குண்டாற்றின் கரையில் உள்ள ஊர். சுற்றிலும் கரிசல் நிலம் மிகுதி. ஆண்டின் பெரும்பகுதி வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளுக்குப் பொங்கலையொட்டி வெள்ளையடிப்பது வழக்கம். நீற்றிய சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும். சுவரின் அடியிலும் திண்ணை விளிம்பிலும் காவி பூசுவார்கள். மழையில் தெறிக்கும் சேறு வெள்ளையில் தெரிவதுபோல் காவியில் தெரியாது. அழகுக்கு முன்பாகவே அந்தப் பட்டைக்கு ஒரு வேலை இருந்தது. கோலத்தைச் சுற்றி இடும் காவிக்கரையும், நிலைப்படியில் பூசும் மஞ்சளும் குங்குமமும் இதே முறையைச் சேர்ந்தவைதாம்: வெளிறிய பரப்பில் சிறிய, அடர்ந்த நிறம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதிலில் காணும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் வேறு வகை. அங்கே இரு நிறங்களும் சரிபாதியாக நிற்பதால், ஒன்று மற்றொன்றை எடுத்துக்காட்டாமல் மதில் முழுவதுமே ஓர் அடையாளமாகிறது.

அக்காலத்தில் நிறங்கள் குறைவாக இருந்ததற்கு வேதியியல் காரணமும் உண்டு. சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. பல சாயங்கள் அதில் நிறம் மாறிவிடும். காவியின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அதனைக் காரமும் வெயிலும் எளிதில் மாற்றுவதில்லை. எமல்சன் பெயிண்ட் வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இன்று ஒரே முகப்பில் ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை மூன்றும் சேர்ந்திருப்பதைக் காணலாம். மூன்றும் உரக்கப் பேசும்போது எதுவும் கேட்பதில்லை.

கண் காணும் விதம்

பாரிசின் கோபெலன் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிசேல் எழேன் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை. அருகில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டின. இதனை விளக்கும் நூலை அவர் 1839 இல் வெளியிட்டார். பச்சைக்கு அருகில் சிவப்பும், நீலத்துக்கு அருகில் ஆரஞ்சும் மேலும் அழுத்தமாகத் தெரிவது இதனால்தான். வேப்பமரத்து நிழலில் உள்ள செங்காவிக் கதவு தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும்.

ஆனால் அந்தி மங்கும்போது கணக்கு மாறுகிறது. குறைந்த ஒளியில் கண் சிவப்பை இருட்டாகவும், நீலத்தையும் பச்சையையும் ஒப்பளவில் வெளிச்சமாகவும் உணரும். பகலில் எடுப்பாக இருந்த சிவப்புக் கதவு, விளக்குப் போடும் வரை கறுப்பாகவே தெரியும்.

வெயில்

திருமங்கலம் போன்ற ஊர்களில் நிறம் என்பது அழகு மட்டுமன்று. அடர்ந்த நிறம் வெயிலின் வெப்பத்தை உறிஞ்சும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். மேற்குச் சுவர் முழுவதும் அடர் நீலம் அல்லது அரக்குச் சிவப்பு பூசினால், சித்திரை மாதத்து வெப்பம் இரவிலும் அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அழுத்தமான நிறத்தை வடக்கு முகத்திலோ, சன்ஷேடு நிழல் விழும் இடத்திலோ, கதவு, ஜன்னல் போன்ற சிறு பரப்பிலோ வைப்பதே இங்குப் பொருத்தம். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் தரும் கரிமச் சாயங்கள் பல வெயிலில் விரைவில் வெளுக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த செங்காவி, மண் மஞ்சள் ஆகியவை நெடுநாள் நிற்கும்.

தோட்டத்தில்

தோட்டத்தில் எடுப்பு நிறத்தைச் செடியே தரலாம். காகிதப்பூ இவ்வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது. அதில் பூ என்று நாம் காணும் நிறம் இதழன்று. பூவைச் சுற்றியுள்ள மாறிய இலைகள். உண்மையான பூ நடுவில் சிறிதாக, வெளிர் நிறத்தில் இருக்கும். நல்ல வெயிலும் குறைந்த நீரும் அதற்குப் போதும். நீர் மிகுந்தால் இலை கொழித்து நிறம் குறையும். வெள்ளைச் சுவரில் கருஞ்சிவப்புக் காகிதப்பூ படர்ந்திருந்தால் சுவருக்கு வேறு நிறம் வேண்டியதில்லை. செவ்வரளியும் வறட்சியைத் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால் குழந்தைகளும் ஆடு மாடுகளும் புழங்கும் வாசலில் அதைத் தவிர்ப்பது நல்லது.

உலக அளவில் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு மொரோக்கோ நாட்டின் மராகேசு நகரிலுள்ள மஜோரெல் தோட்டம். பிரெஞ்சு ஓவியர் சாக் மஜோரெல் 1937 இல் அங்குள்ள தம் பணிமனைக் கட்டடத்துக்கு அடர்ந்த நீலம் பூசினார். கள்ளி, மூங்கில், பனை வகைகளின் பசுமைக்கு நடுவே அந்த நீலம் எழுந்து நிற்கிறது. தொட்டிகளுக்கு மஞ்சளும் உண்டு. 1980 இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானும் பியேர் பெர்சேயும் தோட்டத்தை வாங்கிக் காத்தனர். அதுவும் வறண்ட, வெயில் மிகுந்த ஊர் என்பதால் மதுரைப் பக்கத்தவருக்கு இந்த ஒப்பீடு பயன்படும்.

தெருவில் நிறத்தின் பொருள்

தமிழ்நாட்டில் நிறத்துக்குக் கட்சியும் உண்டு. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தாலோ, நடுவில் வெள்ளை வந்தாலோ தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். 2009 இடைத்தேர்தலால் நாடெங்கும் பெயர் அடிபட்ட திருமங்கலத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வாறு பொருள் கொள்ளப்படுவதை விரும்பாதவர்கள் ஒரே எடுப்பு நிறத்தோடு நிறுத்திக்கொள்வது எளிய வழி.

செலவு

முகப்பு முழுவதற்கும் பூச்சு மாற்றுவது பெருஞ்செலவு. ஏழடி உயரமும் மூன்றரையடி அகலமும் உள்ள ஒரு கதவின் இரு பக்கங்களுக்கும் இரண்டு கை எனாமல் அடிக்கச் சுமார் ஒரு லிட்டர் போதும். வாங்குவதற்கு முன், சிறு பலகையில் அந்த நிறத்தைப் பூசி, வாசலில் சாய்த்து, காலை, நண்பகல், அந்தி ஆகிய மூன்று வேளையும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும். கடையின் வண்ண அட்டை சிறியது. விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. வெயிலில் அதே நிறம் வேறாகத் தெரியும்.