பழைய கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா?

சுவிட்சைப் போட்டுவிட்டுப் பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்து வந்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? 'இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்' என்ற பேச்சு அடுத்து வந்துவிடும். பர்ஸைத் திறப்பதற்கு முன், கம்ப்யூட்டருக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

முதல் வேலை இதுதான்

ஹார்டு டிஸ்கில் 'டக்... டக்' என்று சத்தம் வந்தால், வேறு எதையும் யோசிக்காமல் போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். மெஷினை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்கே அடைப்பு?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' எப்போதும் 100 சதவிகிதத்திலேயே நின்றால், பெரும்பாலும் காரணம் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ஹார்டு டிஸ்கில் தட்டு சுழல வேண்டும்; எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகமே கிடையாது.

'மெமரி' நிரம்பி வழிந்தால் ரேம் போதவில்லை. 4 ஜி.பி-யை 8 ஜி.பி ஆக்கலாம். டி.டி.ஆர்3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்4 பொருந்தாது என்பதால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது.

டெஸ்க்டாப்பில் தேதியும் நேரமும் தினமும் மாறிப்போகிறதா? மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விண்டோஸ் கேள்வி

வேகம் நன்றாக இருந்தாலும் பாதுகாப்பு முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு கூடுதல் அவகாசம் அறிவித்தது. பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' போய்ப் பாருங்கள். ஐ5-7200 என்றிருந்தால் 7-ம் தலைமுறை, ஐ5-8250 என்றால் 8-ம் தலைமுறை.

தகுதி இல்லையென்றாலும் மெஷின் வீணில்லை. லினக்ஸ் மின்ட், உபுன்டு போன்றவை இலவசம். பிரவுசர், வீடியோ, கடிதம் டைப் செய்வது எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் பிள்ளைகளின் பாடத்துக்கோ ஆபீஸ் வேலைக்கோ தேவையான சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது விடைகொடுக்கலாம்?

மதர்போர்டு போய்விட்டது, திரையும் உடைந்திருக்கிறது, பேட்டரியும் உப்பியிருக்கிறது என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்தால் புதுசுதான் நல்லது. உப்பிய பேட்டரியை சார்ஜ் போடவே கூடாது. ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினாலும் யோசிக்க வேண்டாம். வாங்கும்போது எஸ்.எஸ்.டி, 8 ஜி.பி ரேமுக்குக் குறையாமல் பாருங்கள். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

பழையதைக் காயலான் கடையில் அப்படியே போட்டுவிடாதீர்கள். டெலீட் செய்த ஃபைலையும் மீட்டெடுக்க வழி உண்டு. டிஸ்கை முழுமையாக அழியுங்கள்; முடியாவிட்டால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அனுமதி பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுத்துவிடலாம்.

கடைக்காரர் 'இது தேறாது சார்' என்று சொன்னால், 'எந்தப் பாகம் போயிருக்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், இன்னொரு கடையிலும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.