கணினி “தெரியாது” என்று சொன்னால்...

“கணினி பழுதாகிவிட்டது.” கடந்த வருடம் எங்கள் வீட்டில் மூன்று நாட்களாக இதே கதைதான். உம்மா தையல் காசில் சேர்த்து வாங்கித் தந்த பழைய மடிகணினி அது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்குப் பைதன் மொழி படிக்கிறோம். வீட்டில் பயிற்சி செய்ய எண்ணிப் பைதனைப் பதிவிறக்கி நிறுவினேன். பின்னர் கொமாண்ட் ப்ரொம்ப்ட் எனப்படும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து “பைதன்” என்று தட்டச்சு செய்தேன். உள்ளகக் கட்டளையாகவோ வெளியகக் கட்டளையாகவோ இதை இனங்காண முடியவில்லை என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது.

நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில். கைத்தொலைபேசி டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம். வாப்பா நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். “ஃபோமட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழியும்” என்றார்கள். அதற்குள் எனது இரண்டு தவணைக் குறிப்புகளும் உம்மாவின் தையல் கணக்குகளும் இருந்தன. வாப்பா யோசித்துவிட்டு அதைத் திருப்பிக் கொண்டு வந்தார்.

மறுநாள் பாடசாலையில் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: “கணினி எங்கே தேடியது என்று பார்த்தீங்களா மகள்?”

அந்தக் கேள்விதான் இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் உம்மா தம்பியிடம் கத்தரிக்கோலை எடுத்துவரச் சொல்வார். அவன் இரண்டு லாச்சிகளைத் திறந்து பார்த்துவிட்டு “இல்லை” என்பான். கத்தரிக்கோல் தையல் மெஷின் மேலேயே கிடக்கும். தொலையவுமில்லை, உடையவுமில்லை. அவன் தேடும் இடங்களில் அது இல்லை, அவ்வளவுதான்.

கணினியும் தம்பியைப் போலத்தான். “டிர்”, “சீஎல்எஸ்” போன்ற சில கட்டளைகள் கறுப்புச் சாளரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இவை உள்ளகக் கட்டளைகள். பைதன், பிங் போன்றவை தனித்தனிக் கோப்புகள். இவை வெளியகக் கட்டளைகள். வெளியகக் கட்டளை ஒன்றைத் தட்டினால் கணினி முதலில் நாம் அப்போது நிற்கும் கோப்புறையில் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால், “பாத்” என்ற பட்டியலில் எழுதப்பட்டுள்ள கோப்புறைகளில் வரிசையாகத் தேடும். அவற்றிலும் இல்லையென்றால், தெரியாது என்று சொல்லிவிடும். முழு வன்தட்டையும் அது தேடுவதில்லை. எனவே அச்செய்தியின் பொருள் “பழுது” அல்ல, “தேடிய இடங்களில் காணவில்லை” என்பதே.

இச்செய்தி வந்தால் செய்ய வேண்டியவை இவை:

1. எழுத்துக்களைச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் இதே செய்திதான் வரும்.

2. செய்நிரல் உண்மையிலேயே நிறுவப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரைத் தேடி, வலது சொடுக்கில் கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கலாம். குறுக்குவழி மட்டும் தெரிந்தால் அதன் மீதும் மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். எனது பைதன், வழமையாகக் கண்ணுக்குத் தெரியாத “அப்டேட்டா” என்ற கோப்புறைக்குள் இருந்தது.

3. கறுப்புச் சாளரத்தில் “பாத்” என்று தட்டுங்கள். அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட கோப்புறைப் பட்டியல் தோன்றும். உங்கள் செய்நிரலின் கோப்புறை அதில் இல்லையென்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

4. ஸ்டார்ட் மெனுவில் “என்வயரன்மென்ட் வேரியபிள்ஸ்” என்று தேடித் திறந்து, “பாத்” என்பதைத் தெரிவுசெய்து, “எடிட்”, பின்னர் “நியூ” அழுத்தி அக்கோப்புறையின் முகவரியைச் சேருங்கள். சேர்க்க மட்டும் செய்யுங்கள், இருப்பதை அழிக்க வேண்டாம். விண்டோஸின் “சிஸ்டம்32” கோப்புறை பட்டியலிலிருந்து அழிந்தால் பிங், ஐபிகொன்ஃபிக் போன்றவையும் “தெரியாதவை” ஆகிவிடும். “செட்எக்ஸ்” என்ற கட்டளையால் பாத்தை மாற்றும்படி யாராவது சொன்னாலும் தவிருங்கள். அது 1024 எழுத்துக்களுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும்.

5. கறுப்புச் சாளரத்தை மூடி, புதிதாகத் திறங்கள். ஏற்கெனவே திறந்திருந்த சாளரம் பழைய பட்டியலையே வைத்திருக்கும். சரியாகச் செய்துவிட்டும் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பைதன் பற்றித் தனியாக இரண்டு விடயங்கள். அதை நிறுவும்போது முதல் திரையின் அடியில் பாத்தில் சேர்ப்பதற்கான ஒரு சிறு பெட்டி இருக்கும். அது தானாகத் தெரிவாகியிருக்காது, நாம்தான் சரி அடையாளமிட வேண்டும். மூன்று முறையும் நான் அதைக் கவனிக்கவேயில்லை! அடுத்தது, விண்டோஸ் 10, 11 கணினிகளில் “பைதன்” என்று தட்டினால் சிலவேளை மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கும். அப்போதும் பயப்பட வேண்டாம். “பை” என்ற ஈரெழுத்துக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பைதன் திறந்துவிடும்.

அன்று மாலை மஃரிபுக்குப் பின் வாப்பாவும் அருகில் அமர்ந்திருக்க, இந்தப் படிகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒரு வரியைச் சேர்த்து, சாளரத்தை மூடித் திறந்து, மீண்டும் “பைதன்” என்று தட்டினேன். திறந்தது. “இவ்வளவுதானா?” என்றார் வாப்பா. உம்மாவின் கணக்கில் ஒரு வரியும் அழியவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை “வேலை செய்யவில்லை” என்று சொன்னால் உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம், அவளை ஏசவும் வேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். தங்கைமாரே, சிவப்பிலோ ஆங்கிலத்திலோ ஒரு செய்தி வந்தவுடன் கணினியை மூடிவிடாதீர்கள். தம்பி “இல்லை” என்றதும் உம்மா புதுக் கத்தரிக்கோல் வாங்குவதில்லையே. “எங்கே தேடினாய்?” என்றுதான் முதலில் கேட்பார். நாமும் கணினியிடம் அதையே கேட்போம்.

உயர்தரம் இரண்டாம் வருட மாணவி