எந்தச் சிம் நல்லது?

‘ஐயா, எந்தச் சிம் வாங்கலாம்?’ என்று தமிழ்ப் பண்டிதனொருவனிடம் வினவுதல் பொருந்துமோ என வாசகர் நகைக்கக் கூடும். ஆயினும் எம் பிராசீன பாடசாலை மாணாக்கர் நன்னூற் சூத்திரத்திலும் பார்க்க இதனையே என்னிடம் மிகுதியாகக் கேட்கின்றனர். வினாவுக்கு விடையிறுத்தல் ஆசிரியன் கடனாதலின், யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். காசை முன்னே கட்டிப் பேச்சைப் பின்னே பெறும் முறைக்கு ‘முற்கொடுப்பனவு’ என நம் நாட்டார் பெயரிட்டனர். நல்ல சொல், குறைகூற யாதுமில்லை. ஆனால், காசு தீர்ந்தவிடத்துக் கம்பனியே சிறு தொகையைக் கடனாக ஈந்து, அடுத்த ரீலோட்டில் அதனையும் அதற்குரிய கட்டணத்தையும் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்பொழுது அது முற்கொடுப்பனவோ பிற்கொடுப்பனவோ என்பதை இலக்கணிகள் ஆராய்வாராக.

இலங்கையிற் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டு செல்டெல் நிறுவனத்தோடு தொடங்கிற்று. மோபிட்டல் 1993இலும் டயலொக் 1995இலும் வந்தன. யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வசதி 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே கிட்டியது. செல்டெல் பின்னர் டிகோ என்றும் எதிசலாட் என்றும் பெயர் மாறி, 2018இல் ஹச்சுடன் இணைந்தது. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் கலந்தது. ஐந்தாயிருந்தவை இன்று மூன்று: டயலொக், எஸ்.எல்.டி-மோபிட்டல், ஹச். இதனால் தேர்வு எளிதாயிற்று என்பாருளர். தேர்வு குறுகிற்று என்பதே என் துணிபு.

சிம் வாங்குவோர் பலர் விலையையே முதலில் நோக்குகின்றனர். முதலில் நோக்க வேண்டியது விலையன்று, வீட்டுச் சுவர். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த மீடிறன் அலைகள் நெடுந்தூரம் செல்லும்; சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2100 போன்ற உயர்ந்த மீடிறன் அலைகள் விரைவில் தளரும். தடித்த கற்சுவர் கொண்ட எங்கள் பழைய நாற்சார் வீடுகளில், முற்றத்தில் நின்றாற் கணீரென ஒலிக்கும் குரல், அறைக்குட் புகுந்ததும் அறுந்துவிடும். ஆதலின், அயலார் பேசிகளைச் சற்றே இரவல் வாங்கி, மூன்று கம்பனிகளையும் உள்ளறையில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்க. மாலை வேளையிலும் பார்க்க. ஊரார் யாவரும் ஒரே கோபுரத்தை மொய்க்கும் நேரம் அதுவே. 2022ஆம் ஆண்டின் நெடும் மின்வெட்டுகளின்போது எவருடைய கோபுரம் தாக்குப்பிடித்தது என்பதையும் அயலிற் கேட்டறிதல் நன்று.

இனிப் பொதிகள். விளம்பரத்திலுள்ள பெரிய எண்ணை நம்பற்க. அதிற் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பின் விடியுமட்டுமே செல்லுபடியாவதாக இருக்கலாம். முகநூலுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கலாம். என் மாணவி ஒருத்தியின் தாயார் இடியப்பம் அவித்து விற்றுச் சீவிப்பவர். 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் சூம் வழியே நடந்த காலத்தில், அவர் மாதப் பொதியொன்றை எண்ணின் பருமை கண்டு வாங்கினார். பகற்பங்கு பத்து நாளில் தீர்ந்தது. எஞ்சிய நாட்களில் தரவு இருந்தது, இரவில். ஆசிரியர் இருந்தார், பகலில். மீண்டும் வாங்கக் காசில்லை. அவ்வாண்டு பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை அவள். இதனை மோசடி என்று யான் கூறேன். சிறிய எழுத்தில் எல்லாம் அச்சிட்டே இருந்தது. ஆனால் அடுப்புப் புகையாற் கண் மங்கிய தாய்க்குச் சிறிய எழுத்தும் எழுதாத எழுத்தும் ஒன்றே.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. முற்கொடுப்பனவு எண் நமக்கு உரிமையானதன்று. நெடுநாட் பயன்படுத்தாதுவிடின் அது துண்டிக்கப்பட்டு வேறொருவர்க்கு வழங்கப்படலாம். எங்கள் ஒழுங்கையிலுள்ள மூதாட்டியொருவர் சுவிஸிலுள்ள மகனிடம் போய்ப் பல மாதங்களின் பின் மீண்டார். அவருடைய எண் அதற்குள் எவரோ ஓர் இளைஞருடையதாகிவிட்டது. மகன் அனுப்பும் காசை எடுப்பதற்கு வங்கி தரும் இரகசிய இலக்கம் அவ்விளைஞர் பேசிக்கே சென்றது. அவர் நல்லவர், தொல்லை நேரவில்லை. ஆயினும் வங்கியில் எண்ணை மாற்றுவிப்பதற்கு அம்மூதாட்டி நான்கு தடவை பஸ் ஏறினார்.

ஆகவே வாங்குமுன் கடையிற் கேட்க: ரீலோட் செய்யாது எத்தனை நாள் எண் உயிரோடிருக்கும்? சிம் எவர் அடையாள அட்டையிற் பதியப்படுகிறது? கடைக்காரத் தம்பி இரக்கங்கொண்டு தன் பெயரிற் பதிந்து தந்தால் வாங்கற்க. பேசி தொலைந்த நாளில் அதே எண்ணைத் திரும்பப் பெறுதல் அரிதாகிவிடும்.

அம்மூதாட்டி இப்பொழுது மாதந்தோறும் முதல் வாரத்தில், சந்தைக்குப் போகும் வழியில் ஐம்பது ரூபா ரீலோட் செய்கிறார். பேசுவதற்கன்று என்கிறார், எண்ணுக்கு வாடகையாம்.