பெட்டரியில் பொறி தட்டும் காஸ் அடுப்பு

பட்டனை அமத்தியும் பொறி வரல்லியா? அடுப்பைத் தூக்கி எறிய வேண்டாம். நாங்கள் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பெட்டரி தீர்ந்த கதைதான். 1.5 வோல்ட் பெட்டரியை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும் சின்னப் பெட்டி, பீங்கான் உறை போட்ட கம்பி, அவ்வளவுதான் உள்ளே.

பெட்டி பழுதென்றால் புதிது வாங்கி நாமே பூட்டலாம். முதலில் சிலிண்டரை மூடுங்கள். ஏர்த் வயர் அடுப்பின் இரும்பில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். கம்பி நுனிக்கும் பர்னருக்கும் இடைவெளி 3, 4 மில்லிமீட்டர். கூடினால் பொறி பாயாது. மலைநாட்டு ஈரம் பீங்கானில் படிந்தாலும் இதே தொல்லைதான், துடைத்தால் போதும்.

பத்தாவிட்டால் காஸைத் திறந்தபடியே தட்டிக்கொண்டிருக்காதீங்க. காஸ் காற்றைவிடப் பாரம், காம்பராத் தரையில் தேங்கும். பிள்ளைகள் பாய் போடுவதும் அங்கேதான். மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, வாடை போன பிறகு அமத்துங்கள்.