அகத்தியமலையிற் காந்தமுள்

பொதியமலை என்ற அளவிலே தமிழர் நெஞ்சில் அகத்திய முனிவரும் தென்றலும் சந்தனமும் ஒருங்கே தோன்றுதல் இயல்பு. அம்மலையுச்சியிற் பிறிதொரு தவமும் நிகழ்ந்தது என்பதை நம்மவருட் பலர் அறியார். 1855ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜோன் அலன் புரூன் என்னும் அறிஞர், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அச்சிகரத்திலே பூமியின் காந்த ஆற்றலை அளக்கும் கூடம் ஒன்றை அமைத்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாய்வு நிலையத்துக்கு, 1852இல் தலைவராய் வந்தவர் அவர். கீழே நகரிலும் மேலே மலையிலும் காந்தமுள் ஒரே வகையாய் அசைகின்றதா என ஒப்பிட்டறிதலே அவர் கருத்து.

பூமி தானே ஒரு பெருங் காந்தம். அதன் ஆற்றலை ஓரிடத்தில் முற்ற அறிவதற்கு மூன்று அளவைகள் வேண்டும். முள் உண்மை வடக்கிலிருந்து எத்துணைப் பாகை விலகுகின்றது என்பது ஒன்று. கிடைநிலையிலிருந்து எத்துணைப் பாகை சாய்கின்றது என்பது மற்றொன்று. அதனை ஈர்க்கும் வலிமை எத்துணை என்பது மூன்றாவது. மேலுங் கீழும் தடையின்றி அசையுமாறு பொருத்திய முள் இங்கிலாந்திலே நிலத்தை நோக்கிப் பெரிதும் சாய்ந்து நிற்கும். நமது பல்லேகமக் குன்றுகளிடையே அதே முள் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியையும் இலங்கையையும் ஒட்டிச் செல்லுதலே இதற்குக் காரணம். திருவனந்தபுரத்து அளவைகளுக்குத் தனிச்சிறப்பு வாய்த்ததும் இதனாலேயே.

இவ்வளவைகள் நிலைத்து நிற்பன அல்ல. பகலில் ஒரு நிலை, இரவில் ஒரு நிலை. ஆண்டுகள் செல்லச் செல்ல வேறொரு நிலை. ஆதலின் ஒருநாட் குறிப்பு ஒன்றையும் உணர்த்தாது. நாடோறும் மணிதோறும் குறித்து, பல்லாண்டுக் கணக்கை ஒருங்கு வைத்து நோக்கும்போதே அதனுள் அடங்கிய ஒழுங்கு புலனாகும். அவ்வாறு நோக்கிய புரூன், காந்த வலிமை தாழும் நாள்களில் அத்தாழ்வு உலகின் பலவிடங்களிலும் ஒருங்கே நிகழ்கின்றது எனக் கண்டார். ஞாயிற்றின் சுழற்சியோடு ஒட்டி ஏறத்தாழ 26 நாளுக்கொருமுறை ஏற்றத்தாழ்வு வருதலையும் கண்டார். 1865இல் ஐரோப்பாவுக்கு மீண்ட பின்னரும் அக்குறிப்புகளைத் தொகுத்து, 1874இற் பெருந்தொகுதி ஒன்றை வெளியிட்டார்.

தொகுத்துக் காத்த ஏடு என்றோ ஒருநாள் பேசும் என்பதற்கு, அதே காலத்துப் பம்பாய் சிறந்த சான்று. அந்நகரின் கொலாபாவில் 1841 முதற் காந்த அளவைகள் எடுக்கப்பட்டு வந்தன. 1859 செப்டெம்பர் 1ஆம் நாள், ஆங்கில வானியலறிஞர் ரிச்சட் கரிங்டன் ஞாயிற்றின் முகத்திலே திடீரெனப் பேரொளி ஒன்று எழக் கண்டார். ஒருநாள் கழியுமுன் உலகெங்கும் காந்தப்புயல் மூண்டது. அமெரிக்காவில் மின்கலத்தை நீக்கிய பின்னரும் தந்திக் கம்பிகள் செய்தி கடத்தின. கொலாபாவில் இருந்தோர் கருவியைக் கண்ணால் நோக்கி, அளவைகளை ஏட்டிற் பொறித்தனர். கிடைத்திசை வலிமை ஏறத்தாழ 1,600 நானோதெசுலா, அஃதாவது நூற்றில் நான்கு பங்கு, வீழ்ந்தது.

அவ்வெண்கள் 144 ஆண்டுகள் காத்திருந்தன. 2003இல் இந்திய, அமெரிக்க, பிரேசில் நாட்டு அறிஞர்கள் அவற்றை எடுத்தாய்ந்து, அப்புயலின் பேரளவைக் கணித்து வெளியிட்டனர். 1989 மார்ச்சிற் கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்திய காந்தப்புயலினும் அது பெரிது. அத்தகையதொன்று மீண்டும் எழின் மின்விநியோகமும் செயற்கைக்கோள்களும் என்னாகும் என ஆராய்வோர், இன்றும் அப்பழைய ஏட்டையே நாடுகின்றனர். எழுதிய கை தன் எழுத்தின் பயனைக் கண்டிலது. எனினும் எழுத்து வீண்போகவில்லை.

ஏட்டின் தொடர்ச்சி அறாமற் காத்த மற்றொருவரையும் ஈண்டு நினைத்தல் தகும். பம்பாயில் மின்சார ட்ராம் வண்டி வரவிருந்தது. அதன் மின்னோட்டம் காந்தமுள்ளைக் கலக்கும் என்பது தெளிவு. அந்நாளில் நிலையத் தலைவராய் இருந்த இந்தியர் நானாபாய் மூஸ், தெற்கே அலிபாகில், காந்தத் தன்மையற்றதெனச் சோதித்துத் தேர்ந்த போர்பந்தர் மணற்கல்லால் புதுக்கூடம் எழுப்புவித்தார். ஆயினும் பழைய கூடத்தை உடனே மூடினாரல்லர். 1904 முதல் 1906 வரை ஈராண்டுக் காலம் ஈரிடத்தும் ஒருங்கே அளக்கச் செய்தார். இரு சுவடிகளை அருகருகே வைத்துப் பாடம் ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் செயலன்றோ இது! பழைய அளவையும் புதிய அளவையும் ஒன்றோடொன்று பொருந்தும் வகை அதனால் விளங்கிற்று. கணக்கு அறாது தொடர்ந்தது. 1957–58ஆம் ஆண்டுகளின் அனைத்துலகப் புவிப்பௌதிக ஆண்டை ஒட்டி நிறுவப்பெற்ற உலகத் தரவு நிலையங்கள், ஓரிடத்தில் அழியினும் மற்றோரிடத்தில் எஞ்சுமாறு இத்தகைய கணக்குகளைப் பல நாடுகளிற் படியெடுத்து வைத்தன.

தமிழராகிய நமக்கு இப்பாடம் புதிதன்று. 1887இற் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றினர். செல்லுக்கும் தீக்கும் தப்பிய ஏடுகளை யாரோ ஒருவர் பரணில் வைத்துக் காத்தமையாலன்றோ அவை அவர்கள் கைக்கு எட்டின!

ஆசிரியப் பெருமக்களே, எண்கள் நிறைந்த பதிவேடும் சுவடியே. களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டு எங்கள் பல்லேகமப் பகுதியிற் குடிகளும் அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன. இடம்பெயர்வு நேரும்போதெல்லாம் முதலிற் கைவிடப்படுவன பழைய கட்டுகளே. மழைமானிக் குறிப்பேடு, கிணற்று நீர்மட்டக் கணக்கு, பாடசாலை வரவுப் பதிவு ஆகிய இவை பழந்தாளாய் நிறுத்து விற்கப்படுமுன், ஒரு மாணவனையேனும் அமர்த்திப் படியெடுக்கச் செய்யுங்கள். பயன் யாதென இன்று வினவ வேண்டா. கொலாபாவின் எண்களுக்கு விடை வர 144 ஆண்டுகள் சென்றன.