பிளந்த வீடுகள் – 9: உழுதவன் கைக்கு வந்த நிலம்

1927 மே 16. ஹெல்சிங்கியில் படை அணிவகுப்பு. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் நடப்பதுதான். 1918-இல் உள்நாட்டுப் போரில் வென்ற வெள்ளைப் படை தலைநகரில் வெற்றி ஊர்வலம் வந்த நாள் அது. படையினரும் வெள்ளைக் காவலர்களும் வரிசையாக நடந்து வருவார்கள். குடியரசுத் தலைவர் நின்று மரியாதையை ஏற்பார். அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் ரெலாண்டருக்கு உடம்பு சரியில்லை. அவருடைய இடத்தில் பிரதமர் நிற்க வேண்டும்.

பிரதமர் வைனோ டான்னர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்தப் படை யாரைச் சுட்டுத் தள்ளியதோ, முகாம்களில் அடைத்துப் பட்டினி போட்டதோ, அந்தத் தொழிலாளர்களின் கட்சி அது. கிளர்ச்சியில் டான்னர் சேரவில்லை. ஆனாலும் செத்தவர்கள் அவருடைய ஆட்கள். அவர் போகாமல் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனார். நின்றார். மரியாதையை ஏற்றுக்கொண்டார். சொந்தக் கட்சிக்குள் பலருக்கு அது நெஞ்சில் தைத்த முள். கணவனைக் குழியில் போட்டுவிட்டு வந்த ஒரு பெண் மறுநாள் செய்தித்தாளில் அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பாள் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். மன்னித்திருக்க மாட்டாள். மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவில் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் கூடிய உண்மை ஆணையத்தைப் பார்த்தோம். அங்கே பேச்சு முதலில் வந்தது, அழுகை முதலில் வந்தது. நிலம் பெரும்பாலும் இருந்த கைகளிலேயே தங்கிவிட்டது. பின்லாந்தில் நடந்தது நேர்மாறு. அங்கே அழுவதற்கு நாற்பது வருடம் அனுமதி கிடைக்கவில்லை. நிலம் மட்டும் ஐந்தே மாதத்தில் வந்தது.

போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த பின்லாந்து 1917 டிசம்பர் 6-இல் விடுதலையை அறிவித்தது. 1918 ஜனவரி இறுதியில் தெற்கே தொழிலாளர்களின் செம்படை ஹெல்சிங்கியைப் பிடித்தது. அரசு வடமேற்கே வாசா நகருக்கு நகர்ந்தது. தளபதி மன்னர்ஹைம் தலைமையில் அரசின் வெள்ளைப் படை தெற்கு நோக்கி இறங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் தம்பெரே நகரம் தெருத் தெருவாக வீழ்ந்தது. ஜெர்மானியப் படை கடல் வழியாக வந்திறங்கி ஹெல்சிங்கியை எடுத்தது. மே நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையில் 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் செம்படை பக்கம். போர்க்களத்தில் செத்தவர்களைவிட, போர் ஓய்ந்த பிறகு சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களும் முகாமில் செத்தவர்களும் அதிகம். சுமார் 80,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அந்தக் கோடையில் மட்டும் பசியிலும் நோயிலும் 12,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். செம்படையும் கை கழுவிக்கொள்ள முடியாது. பண்ணையார்களையும் எதிராளிகளையும் அதுவும் பிடித்துக் கொன்றது.

இவ்வளவு வெறி எங்கிருந்து வந்தது? லெனினைக் காரணம் காட்டுவது எளிது. கிராமத்துக்குள் போனால்தான் விஷயம் புரியும். அங்கே தொர்ப்பாரி என்று ஒரு குடியானவன் இருந்தான். பண்ணையாருக்கோ தேவாலயத்துக்கோ சொந்தமான நிலத்தின் ஓரத்தில் ஒரு துண்டைத் திருத்திக்கொண்டு, அதில் ஒரு மரவீடு கட்டிக்கொண்டு வாழ்பவன். குத்தகையைப் பெரும்பாலும் தானியமாக அல்ல, நாளாக அளப்பான். வாரத்துக்கு இத்தனை நாள் பண்ணையில் வேலை; ஆளோடு சில சமயம் குதிரையும் போக வேண்டும். அந்த நாட்டில் கோடை குறுகியது. அறுவடைக்கு வாய்க்கும் நல்ல வெயில் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த நாட்களில்தான் பண்ணையிலிருந்து அழைப்பு வரும். அவன் அங்கே அறுத்துக்கொண்டிருப்பான். இங்கே அவன் கதிர் தலைசாய்ந்து நிற்கும். அடுத்த வாரம் உறைபனி இறங்கினால் வருஷம் போயிற்று. கிடைத்த நேரத்தில் சிறிது சிறிதாக அவன் திருத்திய நிலத்திலிருந்து, ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி அவனை எழுப்பிவிடவும் முடியும். 1907 தொடக்கத்தில் லௌக்கோ பண்ணையில் அப்படித்தான் குடும்பம் குடும்பமாக, நடுக்குளிரில் வெளியேற்றினார்கள்.

வாக்கு இருந்தது என்பது இன்னும் கசப்பான செய்தி. 1906-லேயே பெண்கள் உட்பட எல்லோருக்கும் வாக்குரிமை தந்த நாடு அது. 1916 தேர்தலில் 200 இடங்களில் 103-ஐ சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. அடுத்த வருடமே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. வாக்கால் ஒன்றும் நடக்காது என்று ஒருவன் முடிவுக்கு வர இதைவிட என்ன வேண்டும்? அதோடு 1917-இல் ரொட்டிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது.

இனி 1918 அக்டோபர். முகாம்களில் இன்னும் கைதிகள் இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் 92 நாற்காலிகளும், ஒன்றைத் தவிர, காலி. முழுக்க முழுக்க வென்றவர்களின் அவை. அந்த அவை அக்டோபர் 9-இல் ஒரு ஜெர்மன் இளவரசரை அரசராகத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனி தோற்றுப்போக, அவர் வராமலே விலகிக்கொண்டார். அந்த முடிவு காற்றில் போயிற்று. அதே அவை ஆறு நாள் கழித்து, அக்டோபர் 15-இல், இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. தொர்ப்பாரிகள் தாங்கள் உழும் நிலத்தை விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். பண்ணையார் மறுக்க முடியாது. அது நின்றது. உழுபவனுக்கே நிலம் என்று எத்தனையோ நாடுகளில் சுவரில் எழுதியிருக்கிறார்கள். இங்கே தோற்றவனுக்கு, வென்றவன் தன் கையால் எழுதிக் கொடுத்தான்.

அன்பினால் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நிலம் இல்லாதவன் மறுபடி துப்பாக்கி எடுப்பான் என்ற பயம் இருந்தது. 1919-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அங்கீகாரம் தர வேண்டுமென்றால் ஒழுங்கான தேர்தல் நடத்தியாக வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தது. நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். 1919 மார்ச்சில் தேர்தல் நடந்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றிருந்த நேரம். அப்படியும் சமூக ஜனநாயகக் கட்சி 80 இடங்களில் வென்று அவைக்குத் திரும்பியது. கிளர்ச்சியை நசுக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை! ஜூலையில் முதல் குடியரசுத் தலைவர் தேர்தல். மன்னர்ஹைமுக்கு 50 வாக்கு, சட்ட வல்லுநர் ஸ்டோல்பெர்கிற்கு 143. வெற்றிக் குதிரையில் வந்த தளபதியை ஒதுக்கிவிட்டுச் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவரை எடுத்தார்கள். அவர் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

கல்லியோவைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. க்யோஸ்தி கல்லியோ ஒரு விவசாயி. வெள்ளையர்களின் கோட்டையான வடமேற்கில், நிவலா என்ற ஊர்க்காரர். 1918 மே 5-இல், துப்பாக்கிச் சூடு இன்னும் முழுதாக ஓயாதபோது, ஊர்த் தேவாலயத்தில் எழுந்து நின்று பேசினார். சிவப்பர், வெள்ளையர் என்ற பேச்சே இல்லாத நாட்டைக் கட்ட வேண்டும், எல்லோருக்கும் தாங்களும் இந்த நாட்டின் மக்கள் என்ற உணர்வு வர வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இப்படிப் பேசியவர்கள் உலகில் நிறைய பேர். இவர் பேச்சோடு நிற்கவில்லை. 1922-இல் அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் வந்தது. குத்தகை நிலம்கூட இல்லாத கூலிகளுக்கும், தேவைப்பட்டால் பெரிய பண்ணைகளிலிருந்து எடுத்தாவது நிலம் தரும் சட்டம். 1918-இல் நீ எந்தப் பக்கம் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கல்லியோ பின்னாளில் குடியரசுத் தலைவரானார். 1940 டிசம்பரில் பதவி விலகி ஊர் திரும்பும் நாளில், ஹெல்சிங்கி ரயில் நிலையத்தில் பாண்டு முழங்க அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்தவர், அந்த மேடையிலேயே சரிந்து உயிர்விட்டார்.

நிலமும் வாக்கும் வந்ததால் ஊர் ஒன்றாகிவிடவில்லை. ஒரே ஊரில் இரண்டு கூட்டுறவுக் கடை, இரண்டு விளையாட்டுச் சங்கம், இரண்டு கூட்ட மண்டபம். எந்தக் கடையில் காப்பித் தூள் வாங்குகிறாய் என்பதை வைத்தே உன் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று சொல்லிவிடலாம். 1929-க்குப் பிறகு லபுவா இயக்கம் என்ற பெயரில் வலதுசாரிகள் ஆட்களைக் கடத்தினார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் ஸ்டோல்பெர்கையே 1930-இல் தூக்கிச் சென்றார்கள். 1932-இல் ஆயுதத்தோடு திரண்டார்கள். அப்போது குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுவுட், 1918-இல் வெள்ளை அரசின் தலைவராக இருந்த அதே மனிதர். வானொலியில் பேசி, வீட்டுக்குப் போங்கள் என்றார். போனார்கள். தன் பக்கத்து முரடர்களைத் தானே அடக்கும் ஆள் இருந்தால்தான் இப்படிப்பட்ட நாடு பிழைக்கும். எதிர்ப்பக்கத்து முரடர்களைத் திட்ட எவராலும் முடியும்.

சோதனை 1939 நவம்பர் 30-இல் வந்தது. சோவியத் படை எல்லை தாண்டியது. மறுநாளே எல்லையோர ஊரான தெரியோக்கியில் ஒரு ‘மக்கள் அரசு’ அறிவிக்கப்பட்டது. அதன் தலைவர் ஓட்டோ கூசினன், 1918 செம்படை அரசில் பொறுப்பு வகித்து மாஸ்கோவுக்குத் தப்பியவர். தொழிலாளர்கள் தன் பின்னால் எழுவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர் கொடுத்த வாக்குறுதிகளில் இரண்டைப் பாருங்கள்: எட்டு மணி நேர வேலை, ஏழைக்கு நிலம். எட்டு மணி நேரச் சட்டம் 1917-லேயே வந்துவிட்டது. நிலமும் வந்துவிட்டது. தொர்ப்பாரியின் மகன் தன் சொந்த வயலின் பத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு பனிக்குள் போனான், வெள்ளையன் மகனுக்குப் பக்கத்தில். 1940 ஜனவரியில் முதலாளிகள் சங்கம் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக முதன்முதலில் ஏற்றுக்கொண்டது. 105 நாள் போர் முடிந்த பிறகு, மே 16 அணிவகுப்பு இனி வேண்டாம் என்று மன்னர்ஹைமே நிறுத்தினார். அதற்குப் பதில் மே மூன்றாம் ஞாயிறு, மாண்டவர்கள் எல்லோருக்குமான நாள் ஆனது. 1918-இல் இரு பக்கத்திலும் மாண்டவர்களுக்கும் சேர்த்து.

இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தொடக்கத்தில் செய்தித்தாள் படித்த அந்தப் பெண்ணை நாம் மறந்துவிட்டோம். அவள் கணவன் சதுப்போரத்திலோ காட்டிலோ ஒரு குழியில் கிடக்கிறான். வெள்ளையர்களுக்கு ஊர் நடுவே கல்லில் நினைவுச்சின்னம். அவனுக்குப் பூ வைக்கவும் பயம். அவள் பிள்ளைகளில் சிலரை, ஒழுங்காக வளர்ப்பதாகச் சொல்லி, வடமேற்கு வெள்ளையர் பண்ணைகளுக்கு அனுப்பி வைத்தார்கள். பள்ளியில் அந்தப் போருக்குப் பெயர் ‘விடுதலைப் போர்’. வீட்டில் ‘வர்க்கப் போர்’. சிலருக்கு ‘கலகம்’. என்ன பெயர் சொல்கிறாய் என்பதிலேயே நீ யார் என்று தெரிந்துவிடும் என்பதால் பலர் பெயரே சொல்லாமல் ‘அந்த வருஷம்’ என்று தாண்டினார்கள்.

அந்த மௌனத்தை உடைத்தவர் அரசியல்வாதி இல்லை. தம்பெரேயில் ஃபின்லேசன் பஞ்சாலையில் வேலை பார்த்த வைனோ லின்னா. 1959-இலிருந்து 1962 வரை மூன்று பாகங்களாக வந்தது அவருடைய ‘இங்கே துருவ நட்சத்திரத்தின் கீழ்’. தேவாலயத்து நிலத்தில் சதுப்பைக் கொத்தித் திருத்தும் யூசி என்பவனிடமிருந்து தொடங்குகிறது கதை. அவன் திருத்திய நிலத்தில் ஒரு பகுதியைப் போதகர் குடும்பம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவனுடைய மூன்று மகன்களும் செம்படைக்குப் போகிறார்கள். இருவர் சுடப்படுகிறார்கள். மூத்தவன் சிறையிலிருந்து மீண்டு வருகிறான். அவன் மகன் அடுத்த போரில் அதே நாட்டின் படையில் அதிகாரியாகிறான். நாடே படித்தது. வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டார்கள். பிறகு யாக்கோ பாவோலைனன் என்ற ஆய்வாளர் 1960-களில் செம்படையின் கொலைகளையும் வெள்ளைப் படையின் கொலைகளையும் தனித்தனி நூலாக எழுதினார். 1973-இல் முகாமில் அடைபட்டு இன்னும் உயிரோடு இருந்தவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 55 வருடம். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

1998-இல் பிரதமர் அலுவலகம் ஒரு வேலையைத் தொடங்கியது: அந்த வருடங்களில் போரால் மாண்ட ஒவ்வொருவர் பெயரையும் சேகரிப்பது. ஐந்து வருடம் பிடித்தது. இப்போது அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயர், ஊர், தொழில், எப்படி இறந்தார். விவசாயி, மாணவர், தொர்ப்பாரி, ஆலைத் தொழிலாளி, வேலைக்காரப் பெண். போரில், சுடப்பட்டு, முகாமில். எந்தப் பக்கம் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, மற்ற கட்டங்களைப் போலவே ஒரு கட்டமாக. எண்பது வயதைத் தாண்டிய பலர் அதில் தங்கள் அப்பாவின் பெயரைத் தேடினார்கள்.

(அடுத்த வாரம்: ருவாண்டாவில் புல்தரையில் கூடிய நீதிமன்றங்கள்)